ஊசி முனையில் ஒரு வினா

காவிரி நாட்டில் பிறந்தவர்க்கு நீரைக் கண்டு அச்சம் தோன்றுவதில்லை; நீரைக் காணாதபோதுதான் அச்சம் தோன்றும். மேட்டூர் அணை மரபுப்படி ஜூன் 12 ஆம் நாள் திறக்கப்படுமா என்பதே தஞ்சைத் தரணியின் ஆண்டுதோறுமான வினா. திறந்துவிட்ட நீர் கல்லணையைக் கடந்து, குடமுருட்டியில் நுரையும் சருகும் சுமந்து வரும் முதல் நாளில், சிறுவர்களாகிய நாம் அந்நீருக்கு முன்னால் கரையோரமாக ஓடுவோம். ஊரார் குளிப்பதும், துணி வெளுப்பதும், மாடு கழுவுவதும், குடத்தில் முகந்து செல்வதும் அதிலிருந்து பிரிந்த ஒரே வாய்க்காலில்தான். அவ்வாய்க்கால் கரையின் மறைவிடங்களே ஊரின் கழிப்பிடங்களாகவும் இருந்தன. மழை பெய்தால் கரையில் கிடந்தவை யாவும் நீரிற் கலக்கும். நெல்லை விளைவித்த அந்நீரே நோயையும் விளைவித்தது என்பதை நாம் அறிய நெடுங்காலம் ஆயிற்று. அதை அறிவதற்கு நம் குடும்பம் கொடுத்த விலை, நம் தங்கையின் வலக்கால்.

தமிழ்த்துறை வெளியிடும் இம்மலரில் இலக்கியம் பற்றி எழுதுவதே நமக்கு இயல்பு. எனினும் வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பெரும்பகுதியை மருந்துக்கு ஒதுக்காமல் உணவின் அளவுக்கு ஒதுக்கியது ஏன் என்று வகுப்பில் மாணவர்களை வினவும்போதெல்லாம், நம் மனக்கண்முன் வந்து நிற்பது ஓர் ஊசி. அவ்வூசியின் கதையை இங்குச் சொல்லத் துணிகிறோம்.

அந்த மழைக்காலம்

1976 ஆம் ஆண்டு. நாம் அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். தங்கைக்கு இரண்டு வயது நிறைந்திருந்தது. நம் அத்தா ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டுவந்தார். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் கைவைத்தியம் பார்த்தும் தணியவில்லை. மூன்றாம் நாள் அந்தியில், அத்தா வயலிலிருந்து வந்த சேற்றுக் காலோடு தங்கையைத் தோளிற் சார்த்திக்கொண்டு, மிதிவண்டியில் மூன்று கல் தொலைவிலிருந்த சிற்றூருக்குப் புறப்பட்டார். பின்னால் அமர்ந்து குடை பிடிக்கும் பணி நம்முடையதாயிற்று.

அவ்வூரில் மருத்துவர் இல்லை. எங்கோ மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். 'கம்பவுண்டர்' என்பதே அவருக்கு வழங்கிய பெயர். அவர் குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணாடிப் புட்டியில் சிவந்த மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்டும்படி தாளைக் கத்தரித்துப் புட்டியின் மேல் ஒட்டிக் கொடுத்தார். "ரெண்டு நாள்ல விட்டுடும் ராவுத்தரே" என்றார். அத்தா நகரவில்லை.

"இம்மாந்தூரம் தூக்கிட்டு வந்திருக்கேன். ஒரு ஊசி போடாம அனுப்புறீங்களே" என்றார்.

கம்பவுண்டர் சற்றே தயங்கியதை நாம் கண்டோம். பின்னர், கொதிநீரிலிருந்து கண்ணாடிக் குழலையும் ஊசியையும் இடுக்கியால் எடுத்துப் பொருத்தினார். வலப்புறத்து இடுப்பில் ஊசி இறங்கியது. தங்கை வீரிட்டு அழுதாள். அத்தாவின் முகத்தில் நிறைவு தோன்றியது. கொண்டுவந்த காசுக்கு உரிய பொருள் கிடைத்துவிட்டது என்னும் நிறைவு அது.

காய்ச்சல் விட்டது. அடுத்த நாள் காலையில் பாயிலிருந்து எழுந்த தங்கை, இரண்டடி வைத்து, விழுந்தாள். தூக்கி நிறுத்தினோம்; மீண்டும் விழுந்தாள். வலக்கால் நனைந்த துணிபோல் தொங்கியது. நம் நன்னி காற்றுக் கறுப்பு என்று கருதி ஓதிப் பார்க்கச் செய்தார். எண்ணெய் காய்ச்சி உருவிவிட்டார். பத்து நாள் கழித்துத் தஞ்சையிலிருந்த பெரிய மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். இளைஞரான மருத்துவர் ஒருவர் தங்கையின் முழங்காலைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்த்தார். பிறகு அத்தாவை நோக்கி, "காய்ச்சலுக்கு ஊசி போட்டீர்களா?" என்று கேட்டார். அத்தா ஆம் என்றார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"வலது பக்கம்."

மருத்துவர் தலையசைத்துச் சீட்டில் ஏதோ எழுதினார். இளம்பிள்ளைவாதம் என்று நோயின் பெயரைச் சொன்னார். அந்த வினாவை ஏன் கேட்டார் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அத்தா பேசவில்லை.

ஊசியே மருத்துவம்

அத்தாவைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அந்நாளில் நம் வட்டாரம் முழுவதும் அப்படித்தான் எண்ணியது. மாத்திரை கொடுப்பவர் சிறு மருத்துவர். ஊசி போடுபவர் பெரிய மருத்துவர். ஊசி போடாமல் அனுப்பியவரிடம் மறுமுறை யாரும் போகமாட்டார்கள். இதை நன்கறிந்தவர்கள், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊசி போட்டார்கள். கேட்பவரும் கொடுப்பவரும் சேர்ந்து வளர்த்த பழக்கம் இது. பென்சிலின் முதலிய மருந்துகள் ஊசி வழியே புகுந்து, சாவின் வாயிலிருந்தவர்களை மீட்டதைக் கண்ட தலைமுறை அது. கண்ணால் கண்ட ஒரு நன்மையை எல்லா நோய்க்கும் பொருத்திப் பார்த்ததில் வியப்பில்லை.

தங்கை வளர்ந்தாள். 'காலிப்பர்' என்னும் இரும்புத் தாங்கியைக் காலில் பூட்டிக்கொண்டு பள்ளிக்குச் சென்றாள். அது தரையில் படும் ஓசையைக் கொண்டே அவள் வருகையை நாம் அறிந்துகொள்வோம். பத்தாம் வகுப்புத் தேறினாள், தையல் கற்றாள், மணமாகிப் பக்கத்து ஊரிற் குடிபுகுந்தாள். குடும்பத்தில் எவரும் அந்த ஊசியைப் பற்றிப் பேசியதில்லை.

பேராசிரியர் நண்பர் தந்த படி

1993 ஆம் ஆண்டில் ஒரு நாள், ஆசிரியர் அறையில் விலங்கியல் துறை நண்பரோடு உரையாடிக்கொண்டிருந்தபோது, எப்படியோ தங்கையின் பேச்சு எழுந்தது. மருத்துவர் கேட்ட வினாவையும் சொன்னோம். நண்பர் சிறிது நேரம் ஒன்றும் கூறவில்லை. சில வாரங்கள் கழித்து, ஒளிப்படி எடுத்த சில தாள்களை நம் மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார். பதினேழு ஆண்டுகளாக விடையின்றி நின்ற வினாவுக்கு அதில் விடையிருந்தது.

செய்தி பழையது. 1949 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மருத்துவர் சிலர் ஒன்றைக் கவனித்தனர். சில குழந்தைகளுக்கு, அண்மையில் எந்தக் கையில் அல்லது காலில் ஊசி போடப்பட்டதோ, அந்த உறுப்பே செயலிழந்திருந்தது. இலண்டனில் மார்ட்டின் என்பாரும், மெல்போர்னில் மெக்கிளாஸ்கி என்பாரும் 1950 இல் இதனை எழுதி வெளியிட்டனர். தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம் என்று எண்ணியவர்களும் இருந்தனர். பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் நோல்டன் என்பாருடன் சேர்ந்து அதனைக் கணக்கிட்டுப் பார்த்தார். நோயுற்ற குழந்தைகளையும், அதே வயதுடைய நோயுறாத குழந்தைகளையும் இணைசேர்த்து, எவருக்கு அண்மையில் ஊசி போடப்பட்டிருந்தது என்று ஒப்பிட்டார். ஊசி போடப்பட்ட ஒரு திங்களுக்குள் அதே உறுப்பு செயலிழப்பது தற்செயல் அன்று என்பது தெளிவாயிற்று. அதே 1950 இல், புகைப்பழக்கத்துக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்டு டாலுடன் சேர்ந்து எடுத்துக்காட்டியவரும் இந்த ஹில்லே ஆவார்.

நம் நெஞ்சைத் தொட்டது வேறொரு தாள். அது இலண்டனைப் பற்றியது அன்று. நம் அண்டையிலுள்ள புதுச்சேரியைப் பற்றியது. வயட் என்னும் ஆங்கிலேய ஆய்வாளரும், ஜிப்மர் மருத்துவமனையின் மருத்துவர்களும் சேர்ந்து, தேவையற்ற ஊசிகளுக்கும் இந்தியாவின் இளம்பிள்ளைவாதத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1992 இல் வெளியிட்ட கட்டுரை அது. காய்ச்சல் என்று கொண்டுசென்று, ஊசி போட்டுக்கொண்டு, பின்னர்க் கால் விழுந்த குழந்தைகளின் கதை அதில் எண்களாக இருந்தது. அந்த எண்களுள் நம் தங்கை இல்லை. ஆயினும் அவளைப்போன்றோர் ஒருவரல்லர், இருவரல்லர் என்பதை அன்று அறிந்தோம்.

நடந்தது என்ன?

இளம்பிள்ளைவாத வைரஸ் வாய்வழியே உடலிற் புகுந்து குடலில் பெருகுவது. மலத்தின் வழியே வெளியேறி, நீரையும் கையையும் பற்றிக்கொண்டு அடுத்த குழந்தையை அடைவது. இவ்வைரஸ் தொற்றிய குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை. சிலர்க்குச் சிறு காய்ச்சல் வந்து போகும். ஏறத்தாழ இருநூறு குழந்தைகளில் ஒன்றுக்கே அது தண்டுவடத்தை எட்டி, தசைகளை இயக்கும் நரம்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே, தங்கைக்கு அன்று வந்த காய்ச்சல் அவ்வைரசின் காய்ச்சலாகவே இருந்திருந்தாலும், அது வந்த வழியே போயிருக்கக்கூடும்.

ஊசி அதன் பாதையை மாற்றுகிறது. தசைக்குள் ஆழ இறங்கும் ஊசி அங்கே சிறு காயத்தை உண்டாக்குகிறது. குருதியில் அலைந்துகொண்டிருக்கும் வைரஸ், காயமுற்ற தசையின் நரம்பு முனைகளைப் பற்றிக்கொண்டு, அந்நரம்பின் வழியாகவே தண்டுவடத்துக்கு ஏறிவிடுகிறது. வரப்பில் நண்டு துளைத்த வளை வழியே வாய்க்கால் நீர் வயலுக்குள் பாய்வதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் குரோமையர், விம்மர் ஆகிய இருவர் 1998 இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வு இவ்வழியை உறுதிப்படுத்தியது. அதற்கு முன்பே, ருமேனியாவில் சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்கு ஒரு திங்களுக்குள் பல ஊசிகள் போடப்பட்டதால், சொட்டு மருந்திலுள்ள வலுக்குறைந்த வைரஸ்கூட வாதத்தை விளைவித்ததை 1995 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியிருந்தது. அங்கும் அவ்வூசிகளுட் பெரும்பாலானவை காய்ச்சலுக்கும் சளிக்கும் போடப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளே.

இத்தாள்களைப் படித்த இரவு நாம் உறங்கவில்லை. அத்தாவிடம் சொல்வதா, மறைப்பதா? சொன்னால் தன் கையால் மகளை முடமாக்கினேன் என்று எண்ணிக் கலங்குவார். மறைத்தால், பேரப்பிள்ளைகளுக்கும் அதே ஊசியைக் கேட்டு வாங்குவார். நாம் பாதி வழி போனோம். "காய்ச்சலுக்கெல்லாம் ஊசி வேண்டாம் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள்" என்று பொதுவாகச் சொன்னோம். அத்தா நம்மை நிமிர்ந்து பார்த்தார், "சரி" என்றார். தாள்கள் நம் அலமாரியின் அடியிற் கிடந்தன.

மருந்தை ஆராயும் மருத்துவம்

அதன்பின், குழந்தைகளின் நோய்களுக்குக் கொடுக்கும் மருந்துகளின் பக்கவிளைவுகள் பற்றிக் கண்ணிற்பட்டவற்றையெல்லாம் படிக்கலானோம். தொற்றுநோய்க்கு அரிய மருந்தாகிய குளோராம்பெனிக்கால், பிறந்த சில நாளே ஆன சிசுக்களின் உடலில் தேங்கி, மேனியைச் சாம்பல் நிறமாக்கி உயிரையும் பறித்தது 1959 இல் வெளிப்பட்டது. சிசுவின் கல்லீரல் அம்மருந்தைக் கழிக்கும் அளவுக்கு முதிர்ந்திராததே காரணம். டெட்ராசைக்ளின் உண்ட சிறுவர்களின் பற்கள் நிலையாக மஞ்சளாயின. 1963 இல் சிட்னி நகர மருத்துவர் ரை விவரித்த கொடிய மூளை, கல்லீரல் நோய், சளிக்காய்ச்சலும் அம்மையும் கண்ட குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதோடு தொடர்புடையது என்பது 1980களில் அமெரிக்க ஆய்வுகளால் தெரியவந்தது. பெற்றோரை எச்சரித்தபின் அந்நோய் பெரிதும் அருகிப்போயிற்று. நம் நாட்டிலும் நிமிசுலைடு என்னும் காய்ச்சல் மருந்து 12 வயதுக்குட்பட்டோர்க்குக் கூடாதென 2011 இல் தடைசெய்யப்பட்டது.

இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இத்தீங்குகளைக் கண்டு சொன்னவர்கள் மருத்துவத்தின் பகைவரல்லர், மருத்துவர்களே. கவனித்தார்கள், ஐயுற்றார்கள், எண்ணிப் பார்த்தார்கள், எழுதினார்கள். 1950 இல் ஊசியின் தீங்கை அறிந்தபோதும் இங்கிலாந்து தடுப்பூசிகளைக் கைவிடவில்லை. இளம்பிள்ளைவாதம் பரவும் பருவத்தில், தள்ளிவைக்கக்கூடிய ஊசிகளைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை என்று கொண்டது.

நம் தமிழகத்துக்கும் இதிற் பெரும்பங்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் ஜேக்கப் ஜான், வெளிநாட்டில் மூன்று தவணைகளில் காக்கும் சொட்டு மருந்து நம் குழந்தைகள் பலரைக் காக்கவில்லை என்பதை 1970களிலேயே ஆராய்ந்து கூறினார். கூடுதல் தவணைகள் வேண்டும் என்பதற்கு அவ்வகை ஆய்வுகளே அடிப்படை. 1995 இல் நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கும் திட்டம் தொடங்கிற்று. 2011 ஜனவரி 13 ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டதே இந்தியாவின் கடைசி இளம்பிள்ளைவாத நோய். 2014 மார்ச்சு 27 அன்று நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதி அந்நோயற்றதென உலக நல நிறுவனம் சான்றளித்தது. அதன்பிறகும் ஆய்வு உறங்கவில்லை. சொட்டு மருந்தே பல இலட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வாதத்தைத் தரக்கூடும் என்பதை மறைக்காமல், 2015 இறுதியில் உயிரற்ற வைரசைக் கொண்ட தடுப்பூசியையும் சேர்த்தனர். 2016 ஏப்ரலில், இனித் தேவைப்படாத இரண்டாம் வகை வைரசைச் சொட்டு மருந்திலிருந்து நீக்கினர்.

மீண்டும் ஓர் ஊசி

2017 பிப்ரவரி. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எதிரான தடுப்பூசி, ஒன்பது திங்கள் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவர்க்கும் தமிழகமெங்கும் பள்ளிகளிற் போடப்பட்டது. அதே வேகத்தில் வாட்ஸ்அப் வழியே அச்சமும் பரவியது. ஊசியால் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள் என்றும், மலடாக்கும் சூழ்ச்சி என்றும் ஆளுக்கொரு செய்தி. பெற்றோர் பலர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாம் மார்ச்சு வரை நீட்டிக்கப்பட வேண்டியதாயிற்று.

தங்கையின் மகள் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை, தங்கை மகளை அழைத்துக்கொண்டு அத்தாவைப் பார்க்க வந்தாள். நாமும் அங்கிருந்தோம். கைப்பேசியிலிருந்த செய்திகளைக் காட்டி, "நான் போட விடமாட்டேன் அண்ணே. ஊசி என்னெ என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

நாம் திடுக்கிட்டோம். நாற்பதாண்டுகளில் அவள் அந்த ஊசியைச் சொன்னது அதுவே முதல் முறை. நாம் எதுவும் கூறுமுன், சாய்வு நாற்காலியில் இருந்த அத்தா பேசினார். எழுபதைக் கடந்த குரல் நடுங்கியது.

"அன்னைக்கு அந்த டாக்டர் எந்தப் பக்கம் ஊசி போட்டீங்கன்னு கேட்டாரு. அப்பவே எனக்கு விளங்கிப்போச்சு. நாப்பது வருசமா அந்தக் கேள்வி என் காதுல கிடக்கு. வேண்டாம்னு நினைச்ச கம்பவுண்டரை நான்தான் வற்புறுத்துனேன். எதுக்கு ஊசின்னு கேக்காம வேணும்னேன். இப்ப நீ எதுக்கு ஊசின்னு கேக்காம வேண்டாங்கிறே. ரெண்டும் ஒரே தப்புதாம்மா. கேளு. கேட்டுட்டு முடிவு பண்ணு."

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. நாம் ஒளித்துவைத்ததாக எண்ணியிருந்த உண்மையை, நமக்கு முன்பே அவர் அறிந்திருந்தார். தாமும் ஒளித்தே வைத்திருந்தார். பிறகு தங்கை கேட்கத் தொடங்கினாள். நாம் அறிந்த அளவுக்குச் சொன்னோம். அன்று உன்னை முடக்கியது வைரஸ். ஊசி அதற்கு வழி திறந்தது. இன்று நம் நாட்டில் அவ்வைரஸ் உலவவில்லை. உன் மகள் சொட்டு மருந்தும் பெற்றவள். அன்றைய ஊசி தசைக்குள் இறங்கியது; இது தோலுக்கடியிற் போடுவது. அன்றைய காய்ச்சலுக்கு அந்த ஊசி தேவையே இல்லை. இந்த ஊசியோ, தட்டம்மையைத் தடுப்பதற்கும், இவள் பிற்காலத்தில் கருவுறும்போது ரூபெல்லா தாக்கிப் பிறக்கும் குழந்தையின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் கெடுக்காமற் காப்பதற்கும் ஆனது. காய்ச்சலோ வீக்கமோ சிலர்க்கு வரலாம்; கடும் ஒவ்வாமை அரிது; அதற்காகவே ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள் என்றோம்.

"இதெல்லாம் அந்த நர்சம்மாவும் சொல்லட்டும்" என்றாள் தங்கை.

மறுநாள் காலிப்பர் ஒலிக்க மகளோடு பள்ளிக்குச் சென்றாள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒவ்வொரு வினாவாகக் கேட்டாள். வரிசையில் நின்ற தாய்மார்கள் நெருங்கி வந்து செவிமடுத்தனர். செவிலியர் சலிக்காமல் விடை கூறினார். அதன்பின் தங்கை மகளின் சட்டைக்கையை மடித்துவிட்டாள். அரைமணி நேரம் வேப்பமரத்தடியில் இருவரும் அமர்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினர்.

முடிவாக

அத்தா 2019 இல் மறைந்தார். அவர் சொன்னதையே மாணவச் செல்வங்களுக்கும், ஊரை வழிநடத்தும் பெரியோர்க்கும் நாம் வைக்கிறோம். நம் மக்கள் மருந்தை நம்பும்போதும் முழுதாக நம்புகின்றனர். ஐயுறும்போதும் முழுதாக ஐயுறுகின்றனர். இரண்டு நிலையிலும் வினவுவதில்லை. 2025 இல் நச்சுக் கலந்த இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் மாண்டனர். அம்மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அது பக்கவிளைவன்று, பெருங்குற்றம். குற்றத்தின் பொறுப்பு செய்தவரையும் மேற்பார்க்கத் தவறியவரையுமே சாரும். ஆயினும் அதையொட்டி நடுவண் அரசின் நலத்துறை நினைவூட்டிய செய்தி நமக்குரியது: சிறு குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் தானே தணிவது; இரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு இருமல், சளி மருந்துகள் கூடா.

நம் இல்லத்தில் இப்போது ஒரு வழக்கம் நிலைத்திருக்கிறது. குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசெல்பவர், பணிவோடு மூன்று வினாக்களைக் கேட்டுவர வேண்டும். இது என்ன நோய்? இம்மருந்து எதற்கு? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? நல்ல மருத்துவர் எவரும் இவ்வினாக்களுக்குச் சினந்ததை நாம் கண்டதில்லை. சிலர் எழுதிய மருந்தை அடித்துவிட்டு, "இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். அவ்வாறு வெறுங்கையோடு திரும்பி வருவோரைக் காணும்போதெல்லாம், புட்டியும் தாளுமாக நின்று சற்றே தயங்கிய அந்த முதிய கம்பவுண்டரை நினைத்துக்கொள்கிறோம். அத்தா அன்று அந்தப் புட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கலாம்.